நாலு சுற்று

இழுவை வண்டி பால் லாரியைக் கொண்டுவந்து பட்டறை முற்றத்தில் இறக்கியபோது ஹால்டோரைப் புதைத்து எட்டு நாள் ஆகியிருந்தது. எட்டு நாளும் மழை. ஹெல்லெடாலில் அக்டோபர் கடைசி மழை அப்படித்தான். பெய்கிறது என்றும் சொல்ல முடியாது, விட்டது என்றும் சொல்ல முடியாது. இரண்டு மலைக்கும் நடுவே ஈரத்துணியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். டூருன் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே வந்து இழுவை வண்டிக்காரனுக்குக் கை காட்டினாள்.

"பின்னாடி விடு. இன்னும் கொஞ்சம். போதும், போதும்."

அவன் சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போனான். வழக்கமாகக் காபி குடிக்காமல் போகிறவன் இல்லை.

லாரியின் வலதுபக்கக் கேபின் பாதிக்குமேல் உள்ளே போயிருந்தது. இடதுபக்கம் ஒரு கீறல் இல்லை. இடதுபக்கம் உட்கார்ந்து ஓட்டியவன் அவள் புருஷன் ஐவிந்த். காறை எலும்பு முறிந்ததோடு தப்பினான். வலதுபக்கம் உட்கார்ந்திருந்தவன் ஐவிந்தின் தம்பி ஹால்டோர். பல் வைத்தியரைப் பார்க்க டவுனுக்குப் போகவேண்டும் என்று தன் வீட்டு வாசலிலேயே ஏறிக்கொண்டான். மலையிறக்கத்தில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு. வலப்பக்கம் ஒடித்த வண்டி ஒடித்தபடியே போய்ப் பாறையில் மோதியது. காலை ஏழரை மணி. தொட்டி நிறையப் பால்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் போலீஸ் கேட்டபோது, "ஸ்டியரிங் திரும்பி வரல" என்றுதான் ஐவிந்த் சொன்னான். மறுநாள் அவனே அவர்களைக் கூப்பிட்டனுப்பி, "இல்ல, கண் அசந்துட்டேன்" என்று எழுதிக் கொடுத்தான். அதற்குப் பிறகு யாரும் ஸ்டியரிங்கைப் பற்றிக் கேட்கவில்லை. பிரேக்கைப் பார்த்தார்கள், டயரைப் பார்த்தார்கள், இரண்டும் சரியாக இருந்தன. வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். வழக்கு பிப்ரவரியில் வரும். லைசென்ஸ் போவது நிச்சயம், உள்ளேயும் இருக்க வேண்டியிருக்கும் என்று வக்கீல் சொன்னார். ஐவிந்த் அதற்கும் தலையாட்டினான்.

டூருனால்தான் அதை விழுங்க முடியவில்லை. பத்தொன்பது வருஷம் பக்கத்தில் படுத்து எழுந்தவள். பகலில் கண்ணை மூடத் தெரியாத மனுஷன் அவன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு ஊரே சாயும்போது இவன் மட்டும் விறகை அடுக்கிக்கொண்டிருப்பான்.

அன்று மத்தியானம் உருளைக்கிழங்கும் உப்புக்கண்ட ஆட்டுக்கறியும் வேகவைத்திருந்தாள். கட்டுப் போட்ட கையோடு அவனால் கிழங்கு உரிக்க முடியவில்லை. அவள் உரித்துத் தட்டில் வைத்தாள்.

"வண்டி வந்தாச்சு."

"பார்த்தேன்."

"நாளைக்குப் பிரிச்சுப் பார்க்கப்போறேன்."

"என்னத்தைப் பிரிக்கப்போற? இன்சூரன்ஸ்காரன் கேபினுக்கு எவ்வளவு செலவாகும்னுதான் கேட்டிருக்கான். கேபினைப் பாரு."

"முன் ஆக்சிலையும் ஒரு கை பார்த்துடறேன்."

"வேணாம், டூருன்."

"ஏன் வேணாம்?"

"தூங்கினது நான். ஆக்சில் தூங்கல."

அவன் முள்கரண்டியால் கிழங்கை மசித்துக்கொண்டே இருந்தான். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

டூருன் இருபது வயதில் ராணுவ வண்டிப் பட்டறையில் வேலை கற்றவள். ஐவிந்தைக் கட்டிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தபோது பொம்பளை என்ன ரிப்பேர் பார்ப்பாள் என்று சிரித்தவர்கள் எல்லாம், பத்து வருஷத்துக்குள் டிராக்டரை அவள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பள்ளிக்கூட பஸ், பனி தள்ளுகிற வண்டி, பால் லாரி, எல்லாமே அவள் கை பட்டு ஓடியவைதான்.

இந்த எட்டு நாளும் காலை ஆறு மணிக்கு மேட்டுவீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஹால்டோரின் மனைவி சிக்னேவுக்குப் பதினாலு மாடு. ஆள் செத்தாலும் மடி காத்திருக்காது. இருவரும் சேர்ந்து கறப்பார்கள். சிக்னே அதிகம் பேசுவதில்லை. ஐவிந்த் ஒருநாள் ஒற்றைக் கையோடு வைக்கோல் இறக்க வந்தபோது மட்டும் கொட்டில் கதவை உள்ளிருந்து தாழ் போட்டாள்.

மறுநாள் கறவை முடித்து வந்ததும் டூருன் வேலையை ஆரம்பித்தாள்.

ஸ்டியரிங் இறுகினால் இறுகுகிற இடம் மூன்றுதான். சக்கரத்திலிருந்து கீழே இறங்குகிற தண்டு, அது போய்ச் சேருகிற ஸ்டியரிங் பெட்டி, அதற்கும் கீழே ஆக்சில். எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பிரிக்கிறவன் மெக்கானிக் இல்லை என்பாள். பெட்டியையும் முன்சக்கரத்தையும் இணைக்கிற நீளக் கம்பியைக் கழற்றினாள். நசுங்கிய கேபினுக்குள் ஒடுங்கி உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுற்றினாள். வெண்ணெயாகச் சுற்றியது. ஆக, மேலே ஒன்றும் இல்லை.

ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினாள். இரண்டு சக்கரத்தையும் சேர்க்கிற குறுக்குக் கம்பியையும் விடுவித்தாள். இடது சக்கரத்தை ஒரு கையால் தள்ளினாள், கதவு திறக்கிற மாதிரி போய் நின்றது. வலது சக்கரம் பாதிவரை வந்தது. அதற்குமேல் நறநறவென்று ஒரு சத்தம். தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. திரும்ப இழுக்கவும் அதே பாடு.

மோதலில் வளைந்திருக்குமோ என்று படுத்துப் பார்த்தாள். பாறையை வாங்கியது பம்பரும் கேபின் மூலையும்தான். சக்கரத்தில் அடி இல்லை. டார்ச்சைக் கிங் பின்னுக்குக் கீழே பிடித்தாள். சக்கரம் திரும்புவதே அந்த முளையில்தான். அதன் அடியில் கிரீஸ் பிசுக்கு இருக்கவேண்டிய இடத்தில் செங்கல் பொடி மாதிரி துரு. ஒரு நாளில் வருகிற துரு இல்லை. மாதக்கணக்கில் காய்ந்து உரசினால் வருவது.

அவள் படுத்த வாக்கிலேயே கிடந்தாள். செப்டம்பரில் கிரீஸ் அடித்தது அவள்தான். ஆக்சிலைத் தூக்கி, சக்கரம் தரையில் படாமல் அடித்தால்தான் கிரீஸ் முளையைச் சுற்றி இறங்கும். பாரம் அழுத்திக்கொண்டிருக்கும்போது அடித்தால் இளகின பக்கமாக வழிந்து போய்விடும். இது அவளுக்குத் தெரியாததா? அன்றைக்குப் பெரிய ஜாக்கி பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அடியில் இருந்தது. ஐவிந்த் வண்டியை எடுக்க அவசரப்பட்டான். நின்ற வாக்கில் அடித்துவிட்டு, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் காய்ந்த முளை ஸ்டியரிங்கைக் கனக்க வைக்கும், கட்டிப்போடாது. வேறு ஏதோ பிடித்திருக்கவேண்டும்.

அப்போதுதான் ஸ்டாப்பர் போல்ட்டைப் பார்த்தாள். சக்கரம் இவ்வளவுக்குமேல் ஒடியக் கூடாது என்று தடுத்து நிறுத்துகிற போல்ட் அது, பக்கத்துக்கு ஒன்று. இடதுபக்கத்து போல்ட் கட்டைவிரல் அகலம் வெளியே நீட்டியிருந்தது. வலதுபக்கத்தது அதில் பாதி. நட்டு இறுகியிருந்தது. நட்டின்மேல் மஞ்சள் பெயிண்ட் பொட்டு, உடையாமல். தான் முறுக்கின நட்டுக்கெல்லாம் மஞ்சள் பொட்டு வைப்பது டூருனின் வழக்கம்.

மே மாதம். ஐவிந்த்தான் கேட்டான். "அந்த மூணாவது வளைவுல ஒரே ஒடிப்புல வர மாட்டேங்குது. ஒரு தடவை பின்னாடி எடுத்துத் திருப்ப வேண்டியிருக்கு. பின்னாடி வர்ற கார்க்காரனெல்லாம் ஹாரன் அடிக்கிறான். வலப்பக்கம் கொஞ்சம் கூட்டிக் குடேன்." நாலு சுற்று உள்ளே விட்டாள். வண்டியை முற்றத்தில் ஒடித்துப் பார்த்து, டயருக்கும் பக்கத்திலிருக்கிற இரும்புக்கும் நடுவே இரண்டு விரல் விட்டுப் பார்த்தாள். இடம் இருந்தது. பொட்டு வைத்தாள். அன்றைக்கு வண்டியில் ஒரு சொட்டுப் பால் இல்லை.

டூருன் எழுந்து போய், பாரம் இழுக்கிற சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கை எடுத்துவந்தாள். ஜாக்கியை இறக்கி, சக்கரத்தைத் தரையில் விட்டு, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸையும் ஆக்சிலையும் சேர்த்துக் கட்டி இழுத்தாள். நிறைபாரத்தோடு இறக்கத்தில் பிரேக் போட்டால் மூக்கு எவ்வளவு குனியுமோ அவ்வளவு. ஸ்பிரிங் பட்டை முனகிக்கொண்டே தட்டையானது. சேசிஸில் தொங்குகிற ஸ்பிரிங் தாங்கி நாலு விரல் கீழே வந்தது. கடப்பாரையைக் கொடுத்து வலது சக்கரத்தை ஒடித்தாள். போல்ட் போய் முட்டுவதற்கு முன்னாலேயே டயரின் உள்விளிம்பு தாங்கியின் உதட்டில் போய்ச் செருகிக்கொண்டது. திருப்பித் தள்ளினாள். வரவில்லை. முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினாள். வரவில்லை.

செயினைத் தளர்த்தினாள். சேசிஸ் எழும்பியது. சக்கரம் தானாகவே விடுபட்டு அசைந்தது. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. மோதினதும் தொட்டி உடைந்து பால் முழுவதும் ஓடையில் போயிற்று. பாரம் போனதும் பிடியும் போயிற்று.

டயரின் உள்பக்கத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு. அதற்குப் பக்கத்தில் லேசாக இன்னும் இரண்டு, பழையவை.

எப்போது வந்தான் என்று தெரியவில்லை, ஐவிந்த் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். தோளில் போட்டிருந்த கோட்டிலிருந்து மழை சொட்டியது. செயினைப் பார்த்தான். கடப்பாரையைப் பார்த்தான்.

"வேணாம்னு சொன்னேன்ல" என்றான்.

"உனக்குத் தெரியும்."

"ஆஸ்பத்திரியில ராத்திரி தூக்கம் வராமக் கிடந்தப்போ தோணுச்சு. மே மாசம் போல்ட்டைக் குறைச்சது."

"அதுக்காகத் தூங்கிட்டேன்னு சொன்னியா? உன் தம்பியைக் கொன்னது நீன்னு நீயே எழுதிக் குடுத்தியா?"

"குறைக்கச் சொன்னது யாரு? நான்தானே?"

"சொல்றவங்க ஆயிரம் சொல்லுவாங்க. ஸ்பேனர் என் கையில இருந்துச்சு."

ஐவிந்த் ஒரு டயர்மேல் உட்கார்ந்தான். "ரெண்டு தடவை லேசாப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு, டூருன். ஆகஸ்ட்ல ஒண்ணு, செப்டம்பர்ல ஒண்ணு. ஒரு நொடி. வீட்டுக்குப் போனதும் சொல்லணும்னு நினைப்பேன். வந்து பூட்ஸைக் கழட்டினா மறந்துபோகும். இதையும் சேர்த்துக்கோ."

"கிங் பின்னும் காஞ்சிருக்கு. கிரீஸ் ஒழுங்கா அடிக்கல நான். அதையும் சேர்த்துக்கோ."



"ஒண்ணு சொல்றேன் கேளு" என்றான் ஐவிந்த். குரல் தாழ்ந்திருந்தது. "போல்ட்டைப் பழையபடி வெளிய எடுத்து வைச்சிடு. நாலு சுத்துத்தானே. பொட்டு வை. நான் எப்படியும் போயாச்சு. ஒரு வீட்டுல ஒருத்தர் கெட்டது போதாதா? பள்ளிக்கூட பஸ்ஸை யாரு பார்ப்பா? நாளைக்கு உன் பட்டறைக்கு எவன் வண்டியைக் கொண்டுவருவான்?"

"கொண்டுவரக் கூடாதுதான்."

"கிறுக்கா உனக்கு?"

"ஐவிந்த், நான் தினமும் காலையில அவ பக்கத்துல உட்கார்ந்து மாடு கறக்கறேன். அவ உன்னைப் பார்த்து கதவைத் தாழ் போடறா. நான் உள்பக்கம் நிக்கறேன். உள்பக்கம்."

அவன் எழுந்து, நல்ல கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனான்.

ஸ்பேனர் மேசைமேல் இருந்தது. இருபத்துநாலு நம்பர். டூருன் அதைக் கையில் எடுத்தாள். ஆறு நிமிஷ வேலை. போல்ட் மரையில் இருக்கிற பளபளப்பைக்கூடக் கொஞ்சம் சேறு பூசி மறைத்துவிடலாம், எப்படி என்று அவளுக்குத் தெரியும்.  பிறகு ஸ்பேனரை ஆணியில் மாட்டிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் உள்ளே போய்ப் போலீசுக்கு டெலிபோன் செய்தாள். ரிசீவரில் அவள் விரல் பதிந்த இடமெல்லாம் கருப்பாயிற்று.

பரிசோதகர் ஆஸ்முன் மூன்று மணிக்கு வந்தார். தலை நரைத்த, அதிகம் பேசாத மனுஷர். அவள் செய்ததையெல்லாம் அவர் முன்னால் மறுபடி செய்து காட்டினாள். செயினை இழுத்தாள், சக்கரத்தை ஒடித்தாள், பிடித்ததும் தள்ளிப் பார்க்கச் சொன்னாள். அவர் தள்ளிப் பார்த்தார். படம் எடுத்தார். மஞ்சள் பொட்டைக் கிட்டப்போய்ப் பார்த்தார்.

"இது யார் வைச்சது?"

"நான்."

"இதை நீங்க காட்டலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. இதோட அர்த்தம் புரியுதா உங்களுக்கு?"

"புரியுது."

"பாரத்தோட ஒடிச்சுப் பார்க்கணும்னு தோணலையா?"

"அன்னைக்குத் தோணல. இனிமே தூங்கி எழுந்தா அது ஒண்ணுதான் தோணும்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு, அடுத்த உத்தரவு வரும்வரை பட்டறையில் எந்த வண்டியையும் தொடக் கூடாது என்று சொல்லிக் கதவில் சீல் வைத்தார். பிப்ரவரியில் நீதிமன்றம் அவளுடைய பட்டறை உரிமத்தை இரண்டு வருஷத்துக்கு நிறுத்திவைத்தது. அபராதம் போட்டது. பொய் எழுதிக் கொடுத்ததற்காக ஐவிந்துக்கும் அபராதம். அந்தத் தீர்ப்புகூட டூருனுக்கு அவ்வளவு கனக்கவில்லை. கனத்தது ஆஸ்முன் வந்துபோன மறுநாள் காலை மேட்டுவீட்டுக்கு ஏறின பாதைதான்.

கொட்டிலில் கறவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சிக்னே ஒரு மாட்டின் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டூருன் பக்கெட்டைக் கீழே வைக்காமலேயே சொன்னாள். ஐவிந்த் தூங்கவில்லை என்றாள். போல்ட்டைச் சொன்னாள், கிரீஸைச் சொன்னாள், பாரத்தோடு பார்க்காமல் விட்டதைச் சொன்னாள். மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் கொடுமையாக இருந்தது.

சிக்னே துணியை வாளியில் போட்டாள்.

"எட்டு நாளா இதை வைச்சுக்கிட்டா என் மாட்டைக் கறந்த?"

"நேத்துதான் தெரிஞ்சது, சிக்னே."

"நேத்து." அவள் டூருனுடைய கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த பக்கெட்டை வைச்சிட்டுப் போ. இன்னைக்கு நானே கறந்துக்கறேன்."

"பதினாலு மாட்டையும் தனியா..."

"போன்னு சொன்னேன்."

டூருன் இறங்கி வந்தாள்.   பட்டறைக் கதவு சீலோடு நின்றது. செய்வதற்கு வேலை இல்லாத காலையை அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை. அடுப்பைத் துடைத்தாள், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள்.

பதினோரு மணி இருக்கும். கதவைத் தட்டாமல் சிக்னே உள்ளே வந்தாள். கொட்டில் பூட்ஸோடு, தலையில் கட்டின துணியோடு அப்படியே வந்திருந்தாள். டூருனைத் தாண்டிப் போய் மேசைக்கு எதிரே, ஐவிந்துக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"நீ முழிச்சிருந்த."

"முழிச்சிருந்தேன்."

"அப்படின்னா உனக்குத் தெரியும். சொல்லு."

"சிக்னே..."

"ரெண்டு வாரமா அவன் எப்படிப் போனான்னு தெரியாமப் படுத்து எந்திரிக்கறேன். நீ தூங்கிட்டேன்னு சொல்லிட்ட. தூங்கினவன்கிட்ட என்னத்தைக் கேக்கறது? யாருகிட்ட கேக்கறது? இப்போ கேக்கறேன். சொல்லு."

ஐவிந்த் டூருனைப் பார்த்தான். அவள் அடுப்படியில் துணியும் கையுமாக நின்றாள். அவளுக்கும் அவன் சொன்னதில்லை.

"ஒடிச்சேன்" என்றான். "வளைஞ்சு வந்துச்சு. நிமிர்த்தலாம்னு இழுத்தேன், வரல. ஹால்டோர் சிரிச்சான் முதல்ல. நான் விளையாடறேன்னு நினைச்சான். 'என்ன, ஓட்ட மறந்துட்டியா?'ன்னான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான்."

"பயந்தானா?"

"தெரியல. பயப்பட நேரம் இருந்துச்சான்னு தெரியல. வேகம் இல்ல, சிக்னே. நடை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பின்னாடி பன்னிரண்டு டன் தள்ளிச்சு, அதான். கதவைத் திறந்து அந்தப் பக்கம் குதிச்சிருக்கலாம். குதிடான்னு கத்தினேன். அவன் குதிக்கல. என் பக்கம் சாஞ்சு வந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சான். 'நீ விடாதே, நானும் இழுக்கறேன்'னான். ரெண்டு பேரும் இழுத்தோம். பாறை வர்ற வரைக்கும் இழுத்தோம். அவன் விடவே இல்ல."

சிக்னே மேசைப் பக்கம் குனிந்தாள். 

"எங்க பிடிச்சான்?"

ஐவிந்த் புரியாமல் பார்த்தான்.

"ஸ்டியரிங்ல. எங்க பிடிச்சான் அவன்?"

ஐவிந்த் நல்ல கையை மேசைமேல் வைத்துக் காட்டினான். "என் கை இங்க இருந்துச்சு. அவன் கை இதுக்கு மேல. என் கையையும் சேர்த்துத்தான் பிடிச்சிருந்தான்."

சிக்னே அந்தக் கையையே பார்த்தாள். பழுப்பு முடி, உடைந்த நகம், புறங்கையில் ஆறிக்கொண்டிருந்த சிராய்ப்பு. வெகுநேரம் பார்த்தாள். தொடவில்லை. அழவும் இல்லை. பிறகு மேசையைப் பிடித்து எழுந்தாள்.

"காபி போடட்டுமா?" என்றாள் டூருன்.

"வேணாம்."

கதவருகே போய் நின்று, மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு நீ வராதே, டூருன். கொஞ்ச நாளைக்கு வராதே. எவ்வளவு நாள்னு எனக்குத் தெரியாது."  "அவனை அனுப்பு."

"ஒரு கைதான் இருக்கு எனக்கு" என்றான் ஐவிந்த்.

"ஒரு கையால வைக்கோல் போடலாம்."

மறுநாள் ஆறு மணிக்கு டூருன் அவனுக்குப் பூட்ஸை மாட்டிவிட்டாள். கோட்டின் ஒரு கையை நுழைத்து, இன்னொரு கையை வெறுமையாகத் தொங்கவிட்டுப் பொத்தான் போட்டாள். அவன் போனதும் ஜன்னலருகே நின்றாள். மேட்டுவீட்டுக் கொட்டில் கதவு திறந்தது. வெளிச்சம் பாதையில் விழுந்தது, ஐவிந்த் அதற்குள் நுழைந்தான். கதவு சாத்திக்கொண்டது. தாழ் போடுகிற சத்தம் கேட்குமோ என்று அவள் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.